ஹென்னிங்குக்கு எழுபது போத்தல்

மார்ச் 9, சனி

இந்தக் கொப்பியை இன்று தொடங்குகிறேன். காரணம் ஒன்றுதான். என் பியர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பானையில் முப்பத்துமூன்று லீற்றர் தண்ணீர் விடுகிறேன். போத்தலில் அடைக்கும்போது பதினேழுக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சுகிறது. மூன்றில் ஒரு லீற்றர் பிடிக்கிற சிறிய போத்தலில் ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு வருடமாக வீட்டில் பியர் காய்ச்சுகிறவன், பாதிக்குப் பாதியை எங்கேயோ விட்டுவிட்டு வருகிறேன். இவ்வளவு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் பதினான்காம் திகதி என் நண்பர் ஹென்னிங்குக்கு எழுபது வயது. வயதுக்கு ஒரு போத்தல் வீதம் எழுபது போத்தல் கொடுக்கப்போகிறேன். அவருக்கு இது தெரியாது. அவருடைய வேலியில் படர்ந்திருக்கும், பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹொப்ஸ் கொடியிலிருந்து போன புரட்டாதியில் நாங்கள் இருவரும் பறித்துக் காயவைத்த பூவில் ஒரு பை என் உறைபெட்டியில் இருக்கிறது. ஒரேயொரு பானைக்குத்தான் போதும். அந்த ஒரு பானையிலிருந்து எழுபது போத்தல் வரவேண்டும்.

அதற்கு முன் கடைப் பூவைப் போட்டு இரண்டு தடவை பழகிப் பார்க்கலாம். முதல் பானை இன்று. பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும்போது வரும் இனிப்பான தண்ணீருக்கு டெனிஷில் ஒரு பெயர் உண்டு. நான் சாறு என்றே எழுதுகிறேன்.

என் மனைவி ராணி கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள். "தண்ணியைக் கூட விட்டால் போத்தலும் கூட வரும்தானே?"

"தண்ணிப் பியர்தான் வரும்."

"எனக்கெண்டால் ரெண்டும் ஒண்டுதான்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என் பியரில் ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை.


மார்ச் 10, ஞாயிறு

பார்லிச் சக்கை மட்டும் ஆறு லீற்றரைக் குடித்துவிட்டது. கொதியில் நான்கு ஆவியாகிப் போனது. பானையின் அடியில் கலங்கலோடு இரண்டரை தங்கிவிட்டது. பதினைந்து வருடம் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன் நான். எங்கே பிழை என்று தெரிந்தால் திருத்தலாம்.


மார்ச் 17, ஞாயிறு

ஹென்னிங் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு.

ஹென்னிங் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். நான் டென்மார்க்குக்கு, இந்த ஹொல்ஸ்டப்ரோவுக்கு வந்த புதிதில் காலை ஐந்து பத்துக்கு அவருடைய பேருந்தில்தான் தொழிற்சாலைக்குப் போவேன். பனியில் ஓட எனக்குத் தெரியாது. தெருமுனையில் நான் தடக்கித் தடக்கி வருவதைக் கண்டால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். டெனிஷில் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் ஹென்னிங் சொன்னால் மட்டும் என் காதில் அது 'நீர்' என்று விழும். பியர் காய்ச்சத் தொடங்கியதும் அவரோடு சேர்ந்துதான்.

இன்று ஒரு சின்ன மனஸ்தாபம். புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் கொஞ்சம் சிந்தியது. ஹென்னிங் போத்தலை என் கையிலிருந்து வாங்கித் தானே ஊற்றினார்.

"நான் குழந்தையில்லை," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அப்படி நான் சொல்லவில்லையே," என்றார்.

கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொத்தான் போட நேரமெடுத்தது. அதனால் கதவடியில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டி வந்தது. கோபித்துக்கொண்டு போகிறவன் அப்படி நிற்கக் கூடாது.


மார்ச் 19, செவ்வாய்

ராணி சொதி வைப்பதை நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு கிழமையாக ஊற்றிச் சாப்பிட ஒன்றுமில்லை, பிட்டும் பிரட்டல் கறியும் மீன் வறுவலும்தான். கேட்டதற்கு, "தேங்காய்ப் பால் உங்களுக்குக் கொழுப்பு," என்றாள். மீன் வறுவலில் இல்லாத கொழுப்பா?


மார்ச் 23, சனி

முதல் பானையைப் போத்தலில் அடைத்தேன். ஐம்பத்திரண்டு.

பியர் புளித்த வாளியின் அடியில் ஈஸ்ட் வண்டலோடு இரண்டு லீற்றர் போனது. அதைத் தவிர, நிலத்தில் சிந்தியது ஒன்றே கால் லீற்றராவது இருக்கும். வாளிக்கும் போத்தலுக்கும் நடுவில் குழாய் வழுகுகிறது. மலிவான குழாய். நுனியில் அடைப்பான் உள்ள புதுக் குழாய் வாங்கவேண்டும். அதைப் போத்தலின் அடியில் அழுத்தினால்தான் பியர் வரும், எடுத்தால் நின்றுவிடும். அப்படியென்றால் சிந்த வழியே இல்லை.

ராணி வேலையால் வந்து நிலத்தைத் துடைத்தாள். நான் துடைக்கிறேன் என்றேன். "நீங்கள் இருங்கோ," என்றாள்.


மார்ச் 30, சனி

இரண்டாவது பானை. இன்றைக்கு ஒரு புதினம்.

சக்கை கட்டிய துணிப்பையைப் பானைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தேன். பை என் பிடியிலிருந்து நழுவி நழுவிப் போனது. ராணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"விடுங்கோ. என்னப்பா இது, குழந்தைப்பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

வடிதட்டைப் பானையின் வாயில் வைத்து, பையை அதில் இருத்தி, வாயை முறுக்கி, தேங்காய்ப்பூ பிழிகிற மாதிரி உள்ளங்கையால் அமத்தி அமத்திப் பிழிந்தாள். கொஞ்சம் விட்டுவிட்டு, திருப்பி வைத்து, இரண்டாம் பால் எடுப்பதுபோல மறுபடியும் பிழிந்தாள். அளந்து பார்த்தேன். இரண்டு லீற்றர் கூட!

"ராணி, நீ இவ்வளவு நாளும் எங்க இருந்தனி?"

"குசினிக்குள்ள. வேற எங்க?"

சக்கையில் கொஞ்சம் எடுத்து, கோதுமை மாவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு ரொட்டி சுட்டாள். நன்றாக இருந்தது. நார் பல்லில் அகப்பட்டது என்பதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

நெருப்பைக் குறைத்து மெல்லக் கொதிக்க விட்டதில் இன்னும் ஒரு லீற்றர் தப்பியது. கொதித்து முடிந்ததும் அகப்பையால் வட்டமாகக் கலக்கிவிட்டு இருபது நிமிடம் தொடாமல் வைத்தேன். கலங்கல் எல்லாம் நடுவில் குவிந்துவிட்டது. பிறகு பானையின் ஒரு பக்கத்துக்குக் கீழே பலகைத் துண்டு வைத்துச் சரித்து, குழாயடியில் தெளிவாக நின்ற சாற்றைக் கடைசிவரை எடுத்தேன். ஹென்னிங்கிடம் சொன்னால் சந்தோசப்படுவார்.

சொல்ல முடியாது. ஒன்று, இது இரகசியம். மற்றது, நான் அவரோடு கதைப்பதில்லை.


ஏப்ரல் 5, வெள்ளி

ராணி புதுக் கோப்பைகள் வாங்கிக்கொண்டு வந்தாள். கனமானவை, பெரிய பிடி. பழையவற்றுக்கு என்ன குறை என்று கேட்டேன். நிறம் பிடிக்கவில்லையாம். இருபது வருடத்துக்குப் பிறகு.


ஏப்ரல் 13, சனி

அறுபத்துமூன்று போத்தல்.

இதை எழுதும்போது சந்தோசமாக இருக்கவேண்டும். வாளியைக் கராஜிலுள்ள பழைய குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்ததில் ஈஸ்ட் இறுகிப் படிந்துவிட்டது. வண்டலோடு போகிற பியர் குறைந்துவிட்டது. எல்லாவற்றையும் அளந்தேன். எல்லாம் முன்னேற்றம், ஒன்றைத் தவிர.

நிலத்தில் மறுபடியும் அதே ஒன்றே கால் லீற்றர்.

புதுக் குழாய். நுனியில் அடைப்பான். அமத்தினால்தான் வரும். அதன்படிதான் செய்தேன். நுனி போத்தலின் வாய்க்குள் போவதற்கு முன்பே விளிம்பில் தட்டித் தட்டித் திறந்துகொள்கிறது. மூன்று போத்தல்கள் விழுந்தன, ஒன்று உடைந்தது. வெளிச்சம் போதாதோ என்று விளக்கை மாற்றினேன். மேசை உயரம் பிழையோ என்று முக்காலியில் இருந்து செய்து பார்த்தேன். இடது கையால் செய்தேன். இடது கையால் சிந்தவில்லை.

ராணி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள்.


ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை வருடப் பிறப்பு. பொங்கிச் சாமிக்குப் படைத்தோம். ராணி எனக்குத் திருநீறு பூசிவிட்டு, கையை எடுக்காமல் நின்றாள்.

"நல்ல நாளில ஒண்டு கேக்கிறன். இல்லையெண்டு சொல்லக்கூடாது."

"என்ன?"

"திங்கட்கிழமையில்லை, அதுக்கு அடுத்த திங்கள். டொக்டரிட்ட நேரம் எடுத்திருக்கிறன்."

"உனக்கு என்ன செய்யுது?"

"எனக்கில்லையப்பா."

பொங்கலில் சீனி கூடிவிட்டது.


ஏப்ரல் 22, திங்கள்

ராணிக்காகப் போனேன்.

டொக்டர் என்னை அந்த அறையின் நீளத்துக்கு நடந்துவரச் சொன்னார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார், வேகமாக. கையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருப்பதுதான் கடினமாக இருந்தது. பிறகு ஒரு தாளைத் தந்து எந்த மொழியிலாவது நாலு வரி எழுதச் சொன்னார். பியர் காய்ச்சும் முறையைத் தமிழில் எழுதினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வரியின் தொடக்கத்தையும் முடிவையும் பேனையால் சுட்டிக் காட்டினார். எழுத்து போகப் போகச் சிறுத்துப்போகிறது. ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறார். மே இருபத்தொன்று.

காருக்குள் ஏறியும் நான் சாவியைத் திருப்பவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று ராணியிடம் கேட்டேன்.

"கார்த்திகை விளக்கீடு. நீங்கள் விளக்குக்கு எண்ணெய் விட்டியள்."

"ஐஞ்சு மாசம்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் கேட்டிருப்பியளே? குழாய் பிழை, மேசை பிழை, வெளிச்சம் பிழை எண்டு ஒவ்வொண்டாப் பாத்து முடிக்கட்டும் எண்டு விட்டிட்டன். உங்களுக்கு அளந்து பாத்தால்தானே எதையும் நம்பலாம்." அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க இல்லத்தில இந்த வருத்தத்தோட பன்னிரண்டு பேரைப் பாத்திருக்கிறன். அதில ஒராள் இப்பவும் தோட்டம் செய்யிறார். அதுதான் நான் பயப்பிடேல்ல."

அவள் பயப்படாத ஆள் மாதிரி இருக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது. நான் என் கையை அதன் மேல் வைத்தேன். நடுங்குகிற கைதான். அவள் அதைப் பிடித்தாள். பிடித்தால் நடுக்கம் நிற்கிறது என்பதை இன்றுதான் கவனித்தேன்.


ஏப்ரல் 24, புதன்

எழுபது போத்தல் வேண்டாம், கடையில் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று ராணியிடம் சொன்னேன்.

"ஏன், அந்தப் பூவை நான் குழம்புக்கே போடுறது?" என்றாள்.


ஏப்ரல் 27, சனி

ஹென்னிங்கின் பூ. பையைத் திறந்ததும் ராணி மூக்கை நீட்டினாள். "நல்லாத்தான் மணக்குது. வேப்பம்பூவும் தோடம்பழத் தோலும் சேர்ந்த மாதிரி." எனக்கு அவ்வளவு மணக்கவில்லை. அதையும் டொக்டர் கேட்டிருந்தார்.

முழுப் பூ சாற்றைக் கூடுதலாகக் குடிக்கும். அதனால் அதையும் மெல்லிய துணியில் கட்டிப் போட்டோம். கடைசியில் ராணி இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அமத்தி எடுத்தாள். நான் வெப்பமானியையும் மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டேன். தூக்குவது, பிழிவது, சரிப்பது எல்லாம் அவள். ஊரில் அவளுடைய தகப்பன் கள்ளுக்கொட்டில் பக்கம் போகிறவர்களோடு கதைக்கவும் மாட்டார்.

"ஐயா இப்ப என்னைப் பாக்கவேணும்," என்று சொல்லிச் சிரித்தாள். முகமெல்லாம் ஆவி. சீலைத் தலைப்பால் துடைக்கிற பழக்கத்தில் ஜம்பரின் கையால் துடைத்தாள்.

வாளி வாய்வரை நிரம்பியிருந்தது. புளிக்கும்போது நுரை பொங்கி வெளியே போனால் அதுவும் நட்டம். ராணி பிட்டுக்கு மா வைக்கிற பெரிய வாளியை வெறுமையாக்கித் தந்தாள். கேட்காமலே.


மே 4, சனி

ஹென்னிங் தெருவில் நாயோடு போனார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். இடது கையை.


மே 18, சனி

போத்தலில் அடைத்தோம். ராணி குழாயைப் பிடித்தாள், நான் மூடி அமத்தினேன். மூடி அமத்தும் கருவிக்கு இரண்டு கையாலும் பாரம் கொடுத்தால் போதும். பாரம் கொடுக்கும்போது கை நடுங்குவதில்லை.

முதல் போத்தலை அவள் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டாள்.

"குழாயை எடுத்தால் அளவு இறங்கும். அதுக்காகத்தான் வாய்வரைக்கும் விடுறது. சரியாத்தான் செய்திருக்கிறாய்."

"தெரியாமல் செய்தாலும் சரியாத்தான் செய்வன்."

கடைசியில் வாளியை மெல்லச் சரித்து, வண்டல் அசையத் தொடங்கும்வரை எடுத்தோம். அறுபத்தொன்பது. வாளியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் கலங்கல். எழுபதாவதை அதால் நிரப்ப எனக்கு மனமில்லை.

"ஒண்டு குறையுது," என்றேன்.

"நான் ஒண்டு குடிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ."

"நம்புவாரே?"

"நம்பாட்டில் சிரிப்பார். அது நல்லம்தானே."

நிலத்தைப் பார்த்தேன். காய்ந்த சீமெந்து.


மே 21, செவ்வாய்

பார்க்கின்சன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று. கார் இப்போதைக்கு ஓட்டலாம். மகளுக்கு ராணிதான் தொலைபேசியில் சொன்னாள். நான் கராஜில் போய்ப் போத்தல்களை எண்ணினேன். அறுபத்தொன்பதுதான்.


மே 25, சனி

ஹென்னிங் நாயோடு நடக்கப் போகிற நேரம் எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் போய் நின்றேன். அவரோடு கதைத்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. என்ன சொல்லித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்துப் போனேன். அவரைக் கண்டதும் கையை நீட்டிக் காட்டினேன். அது தன்பாட்டுக்கு நடுங்கியது.

"பார்க்கின்சன்," என்றேன். அந்தச் சொல் டெனிஷிலும் அதுதான்.

ஹென்னிங் குனிந்து என் கையைப் பார்த்தார். நாய் கயிற்றை இழுத்தது.

"அன்றைக்கு நான் போத்தலை வாங்கியிருக்கக் கூடாது," என்றார்.

"நான் கத்தியிருக்கக் கூடாது."

"நீர் கத்தவில்லை. உமக்குக் கத்தவே தெரியாது." பிறகு, "வலது கையா?" என்று கேட்டார்.

"வலது."

அவர் என் இடது பக்கத்தில் நின்றவர், சுற்றி வந்து வலது பக்கத்தில் நின்று நடக்கத் தொடங்கினார். மரப்பாலம் ஈரமாக இருந்த இடத்தில் என் முழங்கையைப் பிடித்தார். பாலம் முடிந்த பிறகும் விடவில்லை. நானும் விடுவிக்கவில்லை. கனக்கக் கதைத்தோம். நாயின் பல்வலி, உருளைக்கிழங்கு நட்டது, இந்த வருடம் ஹொப்ஸ் கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. போத்தல் விஷயம் மட்டும் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.


ஜூன் 14, வெள்ளி

ஹென்னிங் வீட்டுத் தோட்டத்தில் இருபது பேர் இருப்பார்கள். நானும் ராணியும் போத்தல்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, மேலே மேசைச்சீலை போட்டு மூடி, மூன்று வீடு தாண்டித் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் கலகலவென்று சத்தம். இரகசியம் தெருமுனையிலேயே முடிந்துவிட்டது.

சீலையை நான்தான் இழுத்தேன். ஹென்னிங் ஒரு போத்தலை எடுத்து வெயிலில் பிடித்தார். "என்னுடைய பூவா?" என்றார். ஆம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயைக் கூப்பிட்டார். நாய் அவர் காலடியில்தான் நின்றது.

"எழுபது," என்றேன். "ஒன்று குறைய. அதை ராணி குடித்துவிட்டாள்."

எல்லோரும் ராணியைப் பார்த்தார்கள். அவள் டெனிஷில், கொஞ்சமும் சிரிக்காமல், "தாகமாக இருந்தது," என்றாள். ஹென்னிங் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது.

பிறகு அவர் மேசைக்குப் போனார். கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து ஊற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் பாதி. அவருடைய தம்பிக்குப் பாதி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாதி, பழைய ஓட்டுநர் நண்பர்களுக்குப் பாதி. அதில் ஒருவர் குவளையைத் தூக்கிப் பார்த்து, "என்ன ஹென்னிங், எழுபது வயதில் கஞ்சத்தனமா?" என்று கேட்டார்.

"இந்தப் பியரை இப்படித்தான் குடிக்கவேண்டும்," என்றார் ஹென்னிங். "மணம் நிற்க இடம் வேண்டும். குடித்து முடிந்ததும் மறுபடி கேளும், ஊற்றுகிறேன்."

எனக்கும் பாதி ஊற்றி, கையில் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த குவளைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் குவளையை உயர்த்தினார்கள். நானும் வலது கையாலேயே உயர்த்தினேன். குவளைக்குள் பியர் ஆடியது, சுவரில் ஏறி இறங்கியது. வெளியே வரவில்லை. பின்னேரம் முழுவதும் அந்தத் தோட்டத்தில் யாரும் முழுக் குவளை குடிக்கவில்லை. ஹென்னிங் போத்தலும் கையுமாக நடந்து நடந்து, எல்லோருக்கும் பாதி பாதியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறந்தநாள்காரர் ஒரு தடவைகூட உட்காரவில்லை.